வராத புத்தகத்தின் தாழ்ப்பாள்

ஏட்டி,

அந்த அட்டைப் பெட்டியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. மேஜை மேல்தான் இருக்கிறது. மழை ஈரத்தில் அட்டை நமுத்துப்போய்விட்டது. ஆனாலும் மூக்கை உள்ளே விட்டால் புதுத் தாளும் டேப்பின் பசையும் கலந்த வாசனை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன்னால் நீ மோந்து பார்ப்பாயே, அதே வாசனை. "அது என்ன கருவாடாட்டி, மோந்து பாக்கதுக்கு?" என்று நான் கேட்பேன். "நீ கருவாட்டை மோந்து பார்த்துத்தானே வாங்கறே? எனக்கு இது" என்பாய். பெட்டியின் மேல் உன் பெயர், அதற்குக் கீழே என் செம்பூர் விலாசம்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியாதா? மாட்டுங்காவில் ஒரு கடைப் பலகையை நீ படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். அதனால் இதைச் சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதப் பார்க்கிறேன். உனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகப் படி.

பார்சல் வந்தபோது நீ போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. வெளியே நல்ல மழை. கூரியர்காரன் தொப்பலாக நனைந்து நின்று உன் பெயரைப் படித்தான். "ஆப் ஹீ ஹோ நா?" என்று கேட்டான். நீங்கள்தானே என்கிறான்.  "ஹாம், மே ஹீ", நானேதான் என்று சொல்லி உன் பெயரிலேயே வாங்கி வைத்தேன். உன் கையெழுத்தைக்கூடப் போட்டிருப்பேன், அவன் கேட்கவில்லை.

அது என்ன புத்தகம் என்று பிரிக்காமலே தெரியும். நீ முன்பதிவு செய்து வைத்திருந்த கூடுதல் அறைக் கதையின் மூன்றாம் பாகம். எழுதுகிறவர் எத்தனை தடவை தேதி சொன்னார், எத்தனை தடவை தள்ளிப் போட்டார். ஒவ்வொரு வருஷமும் 'இந்த ஆண்டு அதிகம் எதிர்பார்க்கப்படும் மாயக்கதை, அறிவியல் கதை, திகில் கதைப் புத்தகங்கள்' என்று வெளியாகும் பட்டியல்களில் அது இருக்கும். வருஷம் முடியும், புத்தகம் வராது. "இது புக் இல்லைடி, ஸென்ட்ரல் ரயில்வே" என்று நீ அலுத்துக்கொள்வாய். கடைசியில் வந்தேவிட்டது. வாங்கி வைத்துவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புத்தகத்தின் மேல் இல்லை, உன் மேல்தான்.

கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் நம் பழைய லோக்கல் ரயிலுக்குப் போக வேண்டும்.

நான் தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ஏறுவேன். நீ அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் ஏறுவாய். இரண்டு பேருக்கும் பம்பாய்க் கோட்டைப் பக்கம் வேலை. நான் ஒரு கிளியரிங் கம்பெனியில் டைப்பிஸ்ட், நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். ஒரு நாள் பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் விளிம்பில் நாலாவது ஆளாக என்னை ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாய். "தோடா ஸரக்கோ நா" என்றாய், நகர்ந்து இடம் விட்டேன். கையில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் பல்லைக் காட்டுகிற ஒரு மண்டையோடு. அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"கடைசிய மொதல்லயே படிச்சிட்டா கத எப்படிங்க ருசிக்கும்?" என்று என்னையறியாமல் தமிழிலேயே கேட்டேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "தமிழா? இது கதை இல்லை. இனிமே வரப்போற புஸ்தகமெல்லாம் கடைசியில போட்டிருப்பா. அதைப் படிக்கறேன்."

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழையதாக வாங்கிய புத்தகம். தாள் பழுப்பேறி, ஒடித்தால் ஒடியும் போலிருந்தது. 'விரைவில்' என்று அதில் போட்டிருந்ததெல்லாம் எங்கோ வெளிநாட்டில் வந்து, விற்று, மறந்தும் போயிருக்கும். அதைச் சொன்னேன். நீ அசரவில்லை.

"அங்கே வந்திருக்கும். இங்கே வரலையே. நமக்கு இன்னும் வரப்போற புஸ்தகம்தான்."

அந்தப் பட்டியலில் ஒரு புத்தகத்தின் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. நிலாவில் ஒரே ஒரு வீட்டின் மேல் மட்டும் மழை பெய்கிறது. அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "என்ன கதையா இருக்கும், சொல்லேன்" என்றாய். முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்கும் உள்ளே அரித்தது. பரேல் வருவதற்குள் நான் ஒரு கதை சொன்னேன். அந்த வீட்டுக்காரன் யாரிடமோ சாபம் வாங்கியிருக்கிறான், எங்கள் தாராவி வீட்டுக் கூரை போல அவன் கூரையும் ஒழுகுகிறது, அடைக்க ஆள் கிடைக்கவில்லை என்று. நீ பைகுலா வரை யோசித்தாய். உன் கதையில் அந்த வீட்டு மனிதர்களுக்கு வெளியே மழை இல்லை என்பதே தெரியாது. நிலா முழுக்கப் பெய்வதாக நினைத்துக்கொண்டு, பாவம், ஊரில் மற்றவர்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்களோ என்று கவலைப்படுகிறார்கள். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்தேன் என்று சொன்னால் பொய். வி.டி.தான் கடைசி ஸ்டேஷன், எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆபீஸில் அன்று முழுக்க அந்த வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. மற்றவர்கள் வந்த புத்தகத்தைப் படித்தார்கள், நாம் வராத புத்தகத்தைப் படித்தோம். பிறகு இன்டர்நெட் வந்தது, நமக்கும் உலகத்துக்கும் ஒரே நாளில் 'விரைவில்' வரத் தொடங்கியது. வருஷம் பிறந்தால் நீ பட்டியல்களை எனக்கு அனுப்புவாய். ஆளுக்குச் சிலதைப் பொறுக்குவோம். அட்டைப் படமும் பின்னட்டைச் சுருக்கமும் மட்டும் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்னதையே மற்றவள் சொல்லக் கூடாது. முதலில் சொல்கிறவள் பிறகு மாற்றக் கூடாது. இரண்டாவதாகச் சொல்கிறவள் வேண்டுமானால் பார்சல் வரும்வரை மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஊகமும் வாயால் சொல்லப்படாமல் பார்சலின் டேப்பைக் கிழிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி நீ போட்டது, அதில் மட்டும் நீ ஈவு இரக்கம் பார்க்க மாட்டாய்.

தோற்றவளுக்கு ஒரு தண்டனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிள் டிபன் கடை வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே இடம் கிடைக்கிற கடையா அது? வாசலில் ஒருவன் தாளும் பேனாவுமாக நின்று பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதிக்கொள்வான், மேஜை காலியானால் கூப்பிடுவான். தோற்றவள் தன் பெயரைக் கொடுக்கக் கூடாது, ஜெயித்தவள் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். நடைபாதையில் காத்திருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி அவன் அந்தப் பெயரைக் கத்துவான். அதுதான் பரிசு. உன் பெயரைக் கத்தும்போது நீ கூட்டத்தின் நடுவே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே, ஏதோ மேடைக்குக் கூப்பிட்டது போல.

சண்டையும் வந்திருக்கிறது. ஒரு அட்டையில் நெட்டையாக, வெள்ளி நிறத்தில், அடுக்கடுக்காக என்னவோ இருந்தது. உன் பழைய போனின் குட்டித் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "இட்லிப் பானைடி. பக்கா. இது சமையல்காரி கதை" என்று அடித்துச் சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அது விண்கலம் என்றேன். புத்தகம் வந்ததும் பார்த்தால் அது விண்கலம். நான் ஜெயித்துவிட்டேன் என்று தலையை நிமிர்த்தினேன். முதல் அத்தியாயத்தைத் திறந்தால் அந்தக் கலத்தின் அடுப்படியில் ஒருத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். அவள்தான் கதாநாயகி. "பண்டல் மாரறேன், கப்ஸா விடறேன்னு சொன்னியே, இப்போ சொல்லு" என்றாய். பானை தப்பு, சமையல்காரி சரி. அதற்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். கடைசியில் நான்தான் போய் வரிசையில் நின்றேன்.

இங்கிலீஷ் எனக்கு மெதுவாகத்தான் ஓடும், முனிசிபல் பள்ளிக்கூடத்துத் தமிழ் மீடியம். நீ படித்து எனக்குச் சொல்வாய். அதற்குப் பதிலாகச் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு என்ன வரப்போகிறது என்று தை பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்னை நச்சரிப்பாய். "இந்த வருஷம் தமிழ்ல பேய் வரதா? ரோபோ வரதா?" என்று. வந்தால் நான் வாங்கி உனக்கு உரக்க வாசிக்க வேண்டும். பேய் நம்ம ஊர்ப் பாஷை பேசினால் உனக்கு இன்னும் பயம். "இங்கிலீஷ் பேய்க்கு நம்ம அட்ரஸ் தெரியாது. இது பொடிநடையா வந்துடும்" என்று சொல்லிக் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வாய்.

கல்யாணமாகி நீ அணுசக்தி நகருக்குப் போனாய், நான் செம்பூருக்கு வந்தேன். குடியிருப்பின் கேட்டில் கூரியர்காரர்களைச் சுலபத்தில் விடமாட்டார்கள். அதனால் உன் பார்சல்கள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. உன் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று நீங்கள் மாட்டுங்காவுக்குத் திரும்பிய பிறகும் நீ விலாசத்தை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாத்தினா நான் தனியா பிரிச்சுடுவேன்டி. என்னை நம்பாதே" என்றாய்.

உன் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. அணுவைப் பற்றிப் படித்தவர். "இல்லாத கிரகத்துக்கு ரெண்டு பேரும் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கறேளே" என்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவதில் உனக்கு ஒரே சிரிப்பு. அவரை அண்ணே என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானாம். அவரும் எனக்குக் காபியை நீட்டிவிட்டுப் போய்விடுவார். நம் கதைகளில் ஒன்றையாவது அவர் காது கொடுத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கூடுதல் அறைக் கதை நம் இரண்டு பேரையும் பிடித்து ஆட்டியது. ஒரு ஊரில் யாராவது காணாமல் போனால் அவர்கள் வீட்டில், கட்டும்போது இல்லாத ஒரு கதவு முளைக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து காணாமல் போனவரின் குரல் கேட்கும். திறந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒரு பெண்ணின் அண்ணன் காணாமல் போகிறான், கதவு முளைக்கிறது. முதல் பாகம் முழுக்க அவள் அதைத் திறக்காமல் இருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் அவளுக்குத் தாங்க முடியவில்லை. கடைசிப் பக்கத்தில் தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள். அத்தோடு தொடரும் போட்டுவிட்டார் அந்த மனுஷர். கதவைத் திறந்தால் என்ன இருக்கும்? வருஷக்கணக்காக நமக்கு அதே கேள்விதான். அந்தத் தடவை முதலில் சொல்ல வேண்டியது நான், இரண்டாவது நீ.

உனக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இந்த வருஷம் புத்தகம் நிச்சயம் என்று அறிவிப்பு வந்தது. நீதான் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்துச் சொன்னாய். நான் அங்கேயே என் ஊகத்தைச் சொல்லிவிட்டேன். கதவைத் திறந்தால் அண்ணன் இருப்பான், உயிரோடு, போன அன்று இருந்த அதே வயசில். அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவாள். நீ என்னையே பார்த்தாய். "நீ எப்பவும் கூட்டிண்டு வந்துடுவே" என்றாய். சரி, உன்னுடையதைச் சொல் என்றேன். "புக் வரட்டும். ரூல்ஸ்ல இடம் இருக்கு இல்லையா?" என்றாய். "ஏட்டி, வெளயாடாத. இப்ப சொல்லு" என்று கெஞ்சினேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஏன் இப்போதே சொல்லச் சொல்கிறேன் என்று. நீ கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி பாவனை செய்தாய். உனக்கு நடிக்கவே வராது, இமை ஆடிக்கொண்டிருந்தது. மழை தொடங்குவதற்கு முன்னால் போய்விட்டாய்.

இப்போது புரிகிறதா கோபம்? பார்சல் வந்துவிட்டது. உன் ஊகம் சொல்லப்படவில்லை. நீ போட்ட விதிப்படி நான் டேப்பைக் கிழிக்க முடியாது. பார்சலை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். உன் புடவை, உன் கண்ணாடி, உன் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று உன் வீட்டில் சொன்னபோது எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஊகம் மட்டும் வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் திறந்தால் என்ன என்று நீ நினைத்தாய்? அது தெரியாமலே நானும் போய்விடுவேனோ என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சிரிக்காதே, நிஜமாகவே பயந்தேன்.

என் மகன் ஒரு நாள் பார்சலைத் தட்டிப் பார்த்தான். "அம்மா, பிரிக்கலன்னா போகட்டும். முடிவு என்னன்னு நெட்ல போட்டிருப்பான், பாத்து சொல்லட்டா? டைம்பாஸ்தானே" என்றான். போனைக் கையில் எடுத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு புத்தகம் என்று சொன்னால் அவளுக்கு எப்படிப் புரியும்?

ஆகஸ்ட் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், முடிவு செய்தேன். பார்சல் உன் பெயருக்கு வந்தது. உன் வீட்டில் கொடுத்துவிடுவதுதான் நியாயம். பஸ் பிடித்து மாட்டுங்காவுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். பார்சலை நீட்டினேன்.

"அண்ணே, அவ பேருக்கு வந்துச்சி. அதான்..."

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "வந்துடுத்தா? இந்தத் தடவையும் தள்ளிப் போட்டுட்டான்னு நினைச்சேன். நீங்க வரவே இல்லையே."

 அவருக்கு எப்படித் தெரியும் தள்ளிப் போட்டது?

"உட்காருங்கோ. உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கேன். அவ என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. புக் கைக்கு வந்த அன்னிக்குத்தான் உங்ககிட்டச் சொல்லணும்னா. முன்னாடி சொன்னா நீங்க உங்களோடதை மாத்திடுவேளாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமாக நான் பார்சலை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொண்டு இங்கே, அவர் உன் ஊகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கே. உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

ஆஸ்பத்திரியில் காலை வேளைகளில், நான் வருவதற்கு முன்னால், நீ இரண்டு பாகத்தையும் அவருக்குக் கதையாகச் சொன்னாயாம். அவர் முதலில் ம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார், உனக்காக. அப்புறம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. "ஒரு நாள் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன்" என்றார். "அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு. ஒரு ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கும்? அவ வெளியில நிக்கறான்னா எப்படி அதுல கையை வெப்பா?"

 நீ உடனே இரண்டாம் பாகத்தைக் கொண்டுவரச் சொல்லி அடம் பிடித்தாயாம். உன்னால் புத்தகத்தைத் தூக்க முடியவில்லை, அவர்தான் கடைசிப் பக்கத்தை வாசித்திருக்கிறார். அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது, கதவின் உள்தாழ்ப்பாள் என்று. நானும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தவள்தான். தாராவியில் ஒரே அறையில் வளர்ந்தவள், தினம் ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டவள். என் கண்ணில் படவில்லை. நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாளாம்.

"என்ன சொன்னா தெரியுமோ? 'அண்ணன் தொலைஞ்சு போகலை. அவதான் தொலைஞ்சு போனவ. அவதான் அந்த எக்ஸ்ட்ரா ரூம்ல இருக்கா, அவளுக்கே தெரியலை. வெளியில அவன் வருஷக்கணக்கா கதவுல காதை வெச்சுண்டு நிக்கறான்' அப்படின்னா."

நிலாவில் மழை பெய்த வீடு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்றைக்கும் நீ அந்த வீட்டுக்குள்ளேயிருந்துதான் வெளியே பார்த்தாய். நான் எப்போதும் இந்தப் பக்கமே நிற்பவள். உன் வீட்டுக்கார அண்ணன் சற்றுத் தயங்கினார். "அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. 'அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா நீங்க ரெண்டு பேரும்தான் காணாமப் போனவா'ன்னா. கதையைச் சொல்றாளா, வேற ஏதாவதான்னு நான் கேட்கலை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார், அதற்காக அவருக்கு நன்றி.

அழுது முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. "அப்ப, அண்ணே, மூணாவது ஆள் நீங்க. உங்க ஊகம் என்ன? சொல்லாம பிரிக்கக் கூடாது" என்றேன். அவர் அதற்கும் தயாராக இருந்தார். கதவைத் திறந்தால் வெறும் சுவர். யாரும் இல்லை. குரல் அவள் குரலேதான், எதிரொலி. உன் யோசனை அவ்வளவு கச்சிதமாக இருக்கும்போது எதற்கு இப்படி என்று கேட்டேன். "அவ சொன்னதையே நானும் சொல்லப்படாதே. ரூல்ஸ் இருக்கே" என்றார். உன் சேஃப்டி பின் ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதால் டேப்பைக் கிழித்தேன். பிரிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்தார்.

சனிக்கிழமை தோறும் போனேன். அவர் இங்கிலீஷில் வாசிப்பார், ஓர் அத்தியாயம் முடிந்ததும் நான் தமிழில் திருப்பிச் சொல்வேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க. இடையில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார். அந்த ஊரில் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது, குரல் கதவைத் தாண்டி எப்படிக் கேட்கிறது என்று. உனக்கு எவ்வளவு பொறுமை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளையார் பந்தல்கள் எழும்பி, மேளம் அடித்து ஓய்ந்து, பந்தலைப் பிரித்தும் ஆயிற்று. நேற்றுக் கடைசி அத்தியாயம். முடித்ததும் அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். 

என்ன முடிவு என்று கேட்காதே. படிக்காதவளுக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்பது உன் கட்டளை. நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போதெல்லாம் எந்தக் கதவைப் பார்த்தாலும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். லிஃப்டில், ரயிலில், என் வீட்டுக் குளியலறையில்கூட. நாங்கள்தான் காணாமல் போனவர்கள் என்றால் நீ எங்களைத் தேடிக்கொண்டிருப்பாய், காதைக் கதவில் வைத்திருப்பாய். அதனால் தனியாக இருக்கும்போது சத்தமாகவே பேசுகிறேன், உனக்குக் கேட்கட்டும் என்று. மகன் ஒரு மாதிரி பார்க்கிறான். அண்ணன் அடுத்த வருஷப் பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறார், அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி. அதில் கடலுக்கடியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் பற்றி ஒரு திகில் கதை வருகிறதாம். அட்டையில் டிக்கெட் ஜன்னல் மட்டும் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. டிக்கெட் வாங்க வருகிறவர்கள் யார்? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. தமிழிலும் தைக்கு ஒரு பேய் வரப்போகிறது, வாங்கி உரக்க வாசிக்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நீயே புரிந்துகொள். காலையில் கிங்ஸ் சர்க்கிள் போனேன். டிபன் கடை வாசலில் எனக்கு முன்னாலேயே அண்ணன் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். தாளும் பேனாவுமாக நின்றவன், "நாம் போலோ, கித்னே லோக்?" என்று பெயரும் எத்தனை பேர் என்பதும் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே ஒரு பெயரைச் சொல்லிவிட்டார், இரண்டு பேர் என்றார். நடைபாதை ஓரமாகப் போய் நின்றோம். பக்கத்தில் பழைய புத்தகக்காரன் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வாசல்படியில் ஏறி நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி உன் பெயரைக் கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் கையைத் தூக்கினோம்.